பதினான்காவது விநாடியில் ஒரு வெட்டு

அத்தியாயம் 4

ஒரு காலத்தில் ஒருத்தரை அவமானப்படுத்த வேண்டுமென்றால் அவர் வீட்டு வாசல் வரைக்கும் நடந்தாவது போக வேண்டியிருந்தது. செருப்பு தேயும், வெயில் அடிக்கும், பாதி வழியில் கோபம் இறங்கிப்போய்த் திரும்பி வந்துவிடுகிறவர்களும் உண்டு. இப்போது அந்தச் சிரமமெல்லாம் இல்லை. கட்டை விரல் போதும்.

அப்படி முப்பது லட்சம் கட்டை விரல்களுக்கு நடுவில் அகப்பட்ட பெண், அன்று காலை பத்து மணிக்கு மேடத்தின் அலுவலகத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். வயது நாற்பது இருக்கும். அகலமான தோள், ஒட்ட வெட்டிய முடி. ஊரெல்லாம் அவளை 'நீச்சல் டீச்சர்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பதினாறு நாளாக வேறு பெயர்களும் சொல்லிக் கூப்பிடுகிறது.

"இன்னிக்கு நாலு மணிக்கு விசாரணைக் கமிட்டி, மேடம்," என்றாள். "உரிமத்தை ரத்து பண்ணிட்டாங்கன்னா இனிமே எந்த நீச்சல் குளத்துலயும் என்னைச் சேர்த்துக்க மாட்டாங்க. எனக்கு வேற தொழில் தெரியாது. ஆறு வயசுலேருந்து தண்ணிதான்."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் எரிந்துபோன கடைகளைப் போய்ப் பார்த்து வந்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். பழக்கம் மட்டும் போகவில்லை. எதைக் காட்டினாலும் முதல் தீப்பொறி எங்கே விழுந்தது என்றுதான் தேடுவார்.

"பதினாறு நாள் என்ன பண்ணீங்க?"

"கதவைச் சாத்திட்டு உள்ளேயே இருந்தேன்."

"நல்லது. கடைசி ஆறு மணி நேரத்தை எங்களுக்கு விட்டு வெச்சிருக்கீங்க," என்றான் ஸ்பீக்கர்.

ஸ்பீக்கர் மேடத்தின் உதவியாளன். பதினோரு வருஷமாக உதவுகிறான், அதற்கு முன் விழாக்களில் மைக் பிடித்து அறிவிப்பு செய்துகொண்டிருந்தான். மைக் போனது, வாய் போகவில்லை. மேடம் ஒரு பார்வை பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டான். மூடிக்கொள்ள இன்னொரு காரணமும் இருந்தது. போனில் ஊரெல்லாம் சுற்றிய அவளுடைய வீடியோவுக்குக் கீழே, 'இவளை எல்லாம் அதே தண்ணியில தள்ளிட்டு நாமும் வேடிக்கை பார்க்கணும்' என்று எழுதியவர்களில் அவனும் ஒருத்தன். அப்போது அவள் ஒரு படம். இப்போது எதிரே உட்கார்ந்து, அவன் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். அவனுக்குக் காது மடல் சுட்டது.

மேடம் வீடியோவை ஓடவிட்டார். பதினான்கு விநாடி. சாம்பல் நிறத்தில், பின்னணியில் வயலின் அழுதது. நீச்சல் குளத்தின் நடுவே ஒரு சிறுமி கையைக் காலை உதறுகிறாள். கரையில் டீச்சர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். சிறுமியின் தலை தண்ணீருக்குள் போகிறது. டீச்சர் நிதானமாகக் காதைத் தொடுகிறாள். முடிந்தது. மேலே கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு: 'குழந்தை சாகிறது, டீச்சருக்கு என்ன கவலை?'

"இது பயிற்சி மேடம்," என்றாள் டீச்சர். "ஒரு பொண்ணு மூழ்கற மாதிரி நடிக்கணும். இன்னொரு பொண்ணு குதிச்சு இழுத்துட்டு வரணும். தண்ணி நெஞ்சளவுதான். அப்ப நான் திரும்பி நின்னுக்குவேன்."

"ஏன் திரும்பணும்?"

"நான் பார்த்துட்டு நின்னா பிள்ளைங்க தண்ணியப் பார்க்காது, என் மூஞ்சியப் பார்க்கும். நான் தலையாட்டினாத்தான் குதிக்கும். நிஜமா ஒருத்தர் மூழ்கறப்போ தலையாட்ட அங்க நான் இருக்க மாட்டேனே? அதான் திரும்பி நின்னு மனசுக்குள்ள மெதுவா இருபது எண்ணுவேன். அதுக்குள்ள இழுத்துட்டு வந்துடணும். எதிர்ல கண்ணாடி ஜன்னல் இருக்கு, அதுல எனக்கு எல்லாம் தெரியும். அடுத்த நாலு விநாடி காட்டியிருந்தா அந்தப் பொண்ணு குதிச்சது வந்திருக்கும்."

"பெத்தவங்க வந்து சொல்லக் கூடாதா?"

"ஒருத்தர் எனக்காக நாலு வரி எழுதினார். அவர் மூஞ்சியையும் போட்டுக் கிழிச்சுட்டாங்க. அப்புறம் யாரும் போன் எடுக்கல. முழு வீடியோ கொண்டாங்கன்னு கமிட்டி கேக்குது. எடுத்தது யாருன்னே எனக்குத் தெரியாது."

"காதை ஏன் தொட்டீங்க?"

டீச்சர் விழித்தாள். "முப்பத்தி நாலு வருஷமா தண்ணியில இருக்கிற காது மேடம். அரிக்கும்."

மேடம் தலையாட்டிவிட்டு வீடியோவை மறுபடியும் ஓடவிட்டார். பிறகு டீச்சரின் கையைப் பார்த்தார். இடது மணிக்கட்டில் தடிமனான கறுப்பு வாட்ச்.

"இதை எப்பவும் இந்தக் கையிலதான் கட்டுவீங்களா?"

"ஆமா."

"வீடியோவுல வலது கையில இருக்கு."

ஸ்பீக்கருக்குத் தெரிந்த சமாசாரம். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது அவனுக்கு ஆகாத காரியம்.

"திருட்டுச் சரக்கு மேடம் அது. இடவலமா திருப்பிப் போட்டிருக்காங்க. ஒருத்தன் போட்டதை இன்னொருத்தன் அப்படியே எடுத்துப் போட்டா வீடியோ போடற ஆப் கம்பெனியோட இயந்திரம் கண்டுபிடிச்சுத் தூக்கிடும். திருப்பிப் போட்டு, நிறத்தை மாத்தி, சத்தத்தையும் மாத்திட்டா அதுக்கு அடையாளம் தெரியாது. திருடின சட்டையை உள்பக்கம் வெளியா போட்டுக்கிட்டு சட்டைக்காரன் எதிர்லயே நடக்கிற மாதிரி."

"இவ்வளவு விவரம் உனக்கு எப்படித் தெரியும்?"

"பொது அறிவு மேடம்."

மேடம் அதற்குமேல் கேட்கவில்லை. வீடியோவை அவனிடம் கொடுத்து, நேராகத் திருப்பச் சொன்னார். கிளம்பும்போது டீச்சரிடம், "நாலு மணிக்கு அங்க இருங்க. வரவேண்டியதைக் கொண்டு வரோம்," என்றார். வாக்குக் கொடுப்பது மேடத்தின் வழக்கமில்லை. ஸ்பீக்கர் அதைக் கவனித்தான்.

* * *

நீச்சல் குளத்தில் அன்று தண்ணீர் மட்டும்தான் இருந்தது. வகுப்புகள் நின்று பதினாறு நாளாகிறது. குளோரின் வாடை மூக்கைத் துளைத்தது. பெற்றோர் உட்கார ஒரு பக்கம் மட்டும் ஏழு படிகள். மேடம் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படிபடியாக உட்கார்ந்து பார்த்தார். ஸ்பீக்கர் கரையில் டீச்சர் நின்ற இடத்தில் நின்றான்.

"முதுகைத் திருப்பு."

"என்னோட நல்ல பக்கமே முன்பக்கம்தான் மேடம்."

"அதை உன் பெண்டாட்டி முடிவு பண்ணட்டும். திரும்பு."

பத்தே நிமிஷம். ஸ்பீக்கர் நேராகத் திருப்பிய வீடியோவின் இடது ஓரத்தில் வெள்ளையாக ஒரு வளைவு மங்கித் தெரிந்தது. அழுக்கு என்று நினைத்திருந்தார்கள். முதல் படியின் கோடியில் உட்கார்ந்தபோது அது அங்கே இருந்த குடிநீர் இயந்திரத்தின் மூலை என்று தெரிந்தது. வேறு எந்த இடத்திலிருந்து எடுத்தாலும் அந்த மூலை படத்தில் விழாது.

நுழைவாயிலில் சீட்டுக் கிழிக்கும் அம்மாளிடம் மேடம் கேட்டார். "முதல் படியில, தண்ணி மெஷின் பக்கத்துல யார் உட்காருவாங்க?"

"பல் டாக்டரம்மாதான். முட்டி வலி, மேல ஏற முடியாது. அவங்க பொண்ணு நல்லா நீந்தும்," என்றாள் அவள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "டீச்சர் நல்லவங்கம்மா. நானும் யாருகிட்டயும் சொல்லல," என்றாள். யாரும் கேட்காமலே அவள் தலை குனிந்தது.

* * *

பல் மருத்துவமனையில் ஒரே அறை. மேடத்துக்கு ஒரு முக்காலி கிடைத்தது. மிச்சம் இருந்தது நோயாளி சாயும் பெரிய நாற்காலிதான். ஸ்பீக்கர் அதில் ஏறிச் சாய்ந்துகொண்டான். தலைக்கு மேல் விளக்கு எரிந்தது.

"பயப்படாதீங்க டாக்டர், எனக்கு முப்பத்திரண்டும் பத்திரமா இருக்கு. நாக்குதான் கொஞ்சம் நீளம், அதுக்கு மருந்து இருந்தா மேடமே காசு கொடுத்துடுவாங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உங்க குரலை எங்கயோ கேட்டிருக்கேனே?"

"ஊர்ல பாதி விழாவுல நான்தான் மைக்," என்றான் பெருமையாக.

மேடம் குளத்தைப் பற்றிச் சொன்னதும் டாக்டரின் முகம் வெளுத்தது. கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

"நான்தான் எடுத்தேன்," என்றாள் கடைசியில். "தண்ணியில குதிச்சுக் காப்பாத்தினது என் பொண்ணு. டீச்சர் இருபது எண்ணி முடிக்கறதுக்குள்ள இழுத்துட்டு வந்துட்டா. டீச்சர் திரும்பிப் பார்த்துக் கை தட்டினாங்க. நாப்பத்தெட்டு விநாடி முழுசா எடுத்தேன். என் தங்கச்சி, சித்தி எல்லாம் பார்க்கட்டும்னு நெட்ல என் பக்கத்துல போட்டேன். எல்லாரும் பார்க்கற மாதிரி போட்டது என் முட்டாள்தனம். அந்தக் கம்பெனி எங்கெங்கயோ எடுத்துக் காட்டியிருக்கு."

"அந்த முழு வீடியோ இப்ப எங்கே?"

"இல்லை." அவள் கண் கலங்கியது. "கலவரம் ஆனதும் அழிச்சுட்டேன். பக்கத்துலேருந்து அழிச்சேன், போன்லேருந்து அழிச்சேன், போனையே துடைச்சுட்டேன். எடுத்தவளைக் கண்டுபிடிச்சு அடிக்கணும்னு எழுதினாங்க மேடம். கிளினிக் இருக்கு, பொண்ணு இருக்கு. டீச்சர் எனக்கு ரெண்டு தடவை போன் பண்ணினாங்க. மணி அடிக்கறதைப் பார்த்துட்டு நின்னேன்."

மேடம் முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க போட்டது நாப்பத்தெட்டு விநாடி. ஊர் பார்த்தது பதினாலு. நடுவுல யாரோ வெட்டியிருக்காங்க," என்றார் மேடம்.

"அது எனக்குத் தெரியும். நான் போட்ட மூணாவது நாள் ஒருத்தன் அதை எடுத்து, குதிரைப் பந்தய வர்ணனை மாதிரி கேலி பேசிப் போட்டிருந்தான். அவன்தான் வெட்டினான். எனக்குத் தங்கச்சி அனுப்பினா. பார்த்துட்டு நானும் சிரிச்சேன்னு வெச்சுக்குங்களேன். அதுக்கப்புறம் ரெண்டு நாள் கழிச்சு அழுகை மியூசிக்கோட இது வந்துச்சு. அவன் பேரு... ஏதோ மாமான்னு வரும்."

மைக் மாமா.

ஸ்பீக்கர் நாற்காலியில் அப்படியே கிடந்தான். விளக்கில் கண் கூசியது. மூடக்கூடத் தோன்றவில்லை.

இரண்டு வருஷமாக அந்தப் பெயரில் ஒரு பக்கம் நடத்துகிறான். மேடத்துக்குத் தெரியாது. துப்பறிகிற தொழிலில் முகமும் குரலும் ஊருக்குத் தெரியக் கூடாது என்பது அலுவலகத்தின் ஒரே சட்டம். சாப்பாட்டு இடைவேளையில், மாடிப்படியில், குளியலறையில் என்று நேரம் கிடைக்கும் இடத்தில் எல்லாம் யாரோ போட்ட வீடியோவை எடுத்து, குதிரைப் பந்தயம் மாதிரி வர்ணித்துப் போடுவான். தடுக்கி விழுகிற மாப்பிள்ளை, கதவில் மோதுகிற மேனேஜர், கேக்கைத் தவறவிடுகிற சித்தப்பா. ஒரு நாளைக்கு மூன்று. அதில் நீச்சல் குளம் ஒன்று. போட்டான், மறந்தான். சாம்பல் நிறத்தில், இடவலம் மாறி, வயலினோடு அதுவே திரும்பி வந்தபோது அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடமும் மகளிடமும் அதைக் காட்டி, "இவ எல்லாம் ஒரு பொம்பளையா?" என்று கேட்டதும் அவன்தான்.

டாக்டர் மேலும் என்னென்னவோ சொன்னாள். மேடம் கேள்விகள் கேட்டார். ஸ்பீக்கர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இந்த அம்மாளுக்குக் குரல் பிடிபட்டுவிடும். "கழிவறை எங்கே?" என்பதைக்கூட விரலால்தான் கேட்டான்.

உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு போனைத் திறந்தான். அது அங்கேயே இருந்தது, அவன் போட்ட தேதியோடு. அழிக்கும் பொத்தானை அமுக்கினான். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று போன் கேட்டது.

வீட்டுக் கணினியில் முழு நாற்பத்தெட்டு விநாடியும் கிடக்கிறது. எடுத்த சரக்கை அவன் அழிப்பதில்லை. டாக்டரிடம் இல்லை, வேறு யாரிடமும் இல்லை. இதையும் அழித்து, வீட்டுக்குப் போய் அதையும் அழித்துவிட்டால் மைக் மாமா என்று ஒருவன் இருந்ததற்கே சாட்சி கிடையாது. நாலு மணிக்கு டீச்சரின் உரிமம் போகும். அவ்வளவுதான். எத்தனையோ பேருக்கு வேலை போகிறது. அவன் இதையெல்லாம் ஒரு நிமிஷம் முழுசாக, நிதானமாக யோசித்தான். அப்படி யோசித்தான் என்பதுதான் பிற்பாடு அவனை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை.

மேடம் கதவைத் தட்டினார். "ஸ்பீக்கர், மணி ஒண்ணரை."

அவன் 'ஆமாம்' என்பதை அமுக்காமலே போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். துணிந்து அல்ல. கதவுக்கு வெளியே மேடம் நிற்கும்போது வேறு ஒன்றும் செய்ய வரவில்லை.

* * *

பேருந்து நிறுத்தத்தில் நிழல் இருந்தது. மேடம் பெஞ்சில் உட்கார்ந்து வீடியோவை இன்னொரு தடவை ஓடவிட்டார்.

"அந்த மாமாவைத் தேடறது வேஸ்ட் மேடம்," என்றான் ஸ்பீக்கர். "அவனுங்க எல்லாம் ஒரு நாள் இருப்பானுங்க, ஒரு நாள் ஓடிடுவானுங்க. நடிச்ச பொண்ணு வீட்டுக்குப் போவோம்."

"ஸ்பீக்கர், நான் எரிஞ்ச கடை பார்த்தவ. வேணும்னு வெச்ச தீ ஒரு மாதிரி இருக்கும், பீடியை அணைக்காம எறிஞ்சதுல பிடிச்ச தீ வேற மாதிரி இருக்கும். இதைப் பாரு." அவர் பதினோராவது விநாடியில் நிறுத்தினார். "பொண்ணு தலை தண்ணிக்குள்ள போயிடுச்சு. டீச்சர் மேல வன்மம் வெச்சவன் இங்க வெட்டியிருப்பான். இதைவிடக் கொடூரமான இடம் கிடையாது. ஆனா வெட்டல. இன்னும் மூணு விநாடி விட்டு வெச்சிருக்கான். எதுக்கு? அவங்க காதைத் தொடறதுக்கு. கோபப்படறவனுக்குக் காது எதுக்கு?"

ஸ்பீக்கர் ரோட்டைப் பார்த்தான்.

"இது வெறுப்புல வெட்டின வெட்டு இல்ல. ஜோக் முடிஞ்ச இடத்துல வெட்டினது. அந்தக் காதுலதான் அவனுக்குக் கைத்தட்டல். அதுக்குமேல ஓட்டினா சிரிப்பு செத்துடும். அழுகை மியூசிக் போட்டவன் அந்தக் குரலைத் துடைச்சுட்டு அப்படியே எடுத்துக்கிட்டான், வெட்டின இடத்தை மாத்தத் தோணல." மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நீ தொழில் தெரிஞ்சவன். சொல்லு. ஒரு டீச்சர் அந்த நேரத்துல காதைத் தொடறா. நீயா இருந்தா என்ன சொல்லியிருப்பே?"

ஸ்பீக்கருக்கு அந்த வரி நாக்கின் நுனியில் நின்றது. அதற்குப் பதிலாக வேறு ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிடலாம் என்று தேடினான். ஒன்றும் வரவில்லை.

"தெரியல மேடம்."

"பதினோரு வருஷமா உன்கூட இருக்கேன். என் வீட்டுக்காரர் செத்தப்போகூட, தூக்க வந்தவங்களை நீ சிரிக்க வெச்சே. இன்னிக்கு அந்த நாற்காலியில கடைசி இருபது நிமிஷம் நீ வாயைத் திறக்கல. உன் குரலைக் கேட்ட ஞாபகம் இருக்குன்னு சொன்ன பொம்பளை முன்னாடி, கழிவறைக்கு விரலைக் காட்டுறே." அவர் குரல் உயரவில்லை. "இத்தனை வருஷத்துல இவ்வளவு சுலபமா ஒரு துப்பு எனக்குக் கிடைச்சதில்லை. கிடைக்காமலே இருந்திருக்கலாம்."

ஒரு பேருந்து வந்தது. நின்றது. அவர்கள் ஏறவில்லை, போய்விட்டது.

"நான்தான் மேடம்," என்றான் அவன்.

"முழுசு இருக்கா?"

"வீட்ல இருக்கு."

"அழிக்கலாம்னு பார்த்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "பார்த்தேன்," என்றான்.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தான். அவர் திட்டவில்லை. "வீட்டுக்குப் போன் பண்ணு," என்றார்.

மனைவிதான் எடுத்தாள். எந்தக் கணினி, எந்தப் பெட்டி, எந்தத் தேதி என்று அவன் சொல்லச் சொல்ல அவள் தேடித் திறந்தாள். திறந்ததும் போனில் குளத்துச் சத்தமும் சிறுமிகள் சிரிப்பதும் கேட்டன.

"என்னங்க, இது அந்த டீச்சர்தானே?"

"ஆமா."

"இது எப்படி நம்ம வீட்ல இருக்கு?"

அவன் சொன்னான். இரண்டே வாக்கியம்தான்.

"அன்னிக்கு நீங்க காட்டினதுலேருந்து பாப்பா நீச்சல் க்ளாஸ் வேண்டாம்கறா. தெரியும்ல?" என்றாள். "அனுப்பிட்டேன். பாப்பாகிட்ட நீங்களே சொல்லிக்கோங்க. என்னால ஆகாது."

* * *

விளையாட்டுத் துறை அலுவலகத்தின் இரண்டாம் மாடி. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவர், முன்னாள் ஓட்டக்காரர், வயசானவர். இந்தப் பக்கம் டீச்சர். மேடம் போனைப் பெரிய திரையில் இணைத்து நாற்பத்தெட்டு விநாடியையும் போட்டுக் காட்டினார்.

சிறுமி கையைக் காலை உதறினாள். டீச்சர் முதுகைக் காட்டி நின்றாள், காதைத் தொட்டாள். அடுத்து இன்னொரு சிறுமி தொப்பென்று குதித்து, மூழ்கியவளின் தாடையைப் பிடித்து மல்லாக்கத் திருப்பி, கரைக்கு இழுத்து வந்தாள். டீச்சர் திரும்பிக் கை தட்டினாள். மூழ்கியவள் எழுந்து நின்றாள், தண்ணீர் அவள் நெஞ்சுக்குத்தான் வந்தது. "நான் நல்லா செத்தேனா டீச்சர்?" என்று கேட்டாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். பதினாறு நாளாக அந்தச் சிரிப்பை அவள் கேட்டிருக்கவில்லை.

தலைவர் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார். "பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்ப எதை வேணும்னாலும் செஞ்சு கொண்டு வந்துடறாங்க. ஊர் பார்த்த வீடியோவும் இதுவும் ஒரே நாள் எடுத்ததுதான்னு எப்படி நம்பறது? கலவரம் ஆனதுக்கப்புறம் இன்னொரு தடவை நடிச்சு எடுத்ததா இருக்கக் கூடாதா?"

நியாயமான கேள்வி. அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. கலவரத்துக்கு இரண்டு நாள் முந்திய தேதியோடு, அதே பதினான்கு விநாடி, நிறம் மாறாமல், திருப்பாமல் ஓரிடத்தில் இருக்கிறது. மேடம் அதைச் சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் ஸ்பீக்கரைப் பார்க்கக்கூட இல்லை.

அவன் எழுந்தான்.

"ஐயா, அதை வெட்டினவன் நான்தான்," என்றான். டீச்சர் தலையைத் திருப்பினாள். காலையில் தண்ணீர் கொடுத்தவன் என்று அடையாளம் கண்டு, என்ன சொல்கிறான் என்று புரியாமல் புருவத்தைச் சுருக்கினாள். "வேற ஒருத்தன் என்கிட்டயிருந்து எடுத்து, என் குரலைத் துடைச்சுட்டு, திருப்பிப் போட்டிருக்கான். அவன் யாருன்னு தெரியாது. ஆனா வெட்டினது நான். தேதி இதுல இருக்கு."

போனை இணைத்தான்.

அந்த அறையில் அவன் குரல் கிளம்பியது. பந்தய மைதானத்துக் குரல், உற்சாகம் பொங்கும் குரல்.

"இதோ தொடங்கிவிட்டது நேயர்களே! முதல் பாதையில் பாப்பா, தண்ணீரைக் குடித்துக் குடித்தே முன்னேறுகிறார்! இரண்டாம் பாதையில் டீச்சர், அசைவேனா என்கிறார்! பாப்பா கீழே! டீச்சர் மேலே! பாப்பா இன்னும் கீழே! ஆஹா... டீச்சர் காதைத் தொடுகிறார்! ஆமாம் நேயர்களே, பாப்பா கூப்பிட்டது இப்போதுதான் காதில் விழுந்திருக்கிறது!"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. கமிட்டியில் ஒரு பெண் தன் பேனாவை மூடினாள். தன் குரலை இவ்வளவு அமைதியான இடத்தில் ஸ்பீக்கர் இதுவரை கேட்டதில்லை. மேஜைக்கு அடியில் பூமி பிளந்தால் போய்விடலாம் போலிருந்தது.

தலைவர் தேதியைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களிடம் குனிந்து பேசினார். எழுதிக்கொண்டார். உரிமத்தில் கை வைக்கப் போவதில்லை என்றும் திங்கட்கிழமை முதல் குளத்துக்கு வரலாம் என்றும் டீச்சரிடம் சொன்னார். ஸ்பீக்கரைப் பார்த்து, "நீங்க எழுதிக் கொடுத்துட்டுப் போங்க," என்றார். அவனை உட்காரச் சொல்லவில்லை.

எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தான். தாழ்வாரத்தில் டீச்சர் நின்றிருந்தாள். மேடம் இரண்டடி தள்ளி ஜன்னலோரம் நகர்ந்துகொண்டார்.

அவன் பேருந்து நிறுத்தத்திலிருந்தே வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தான். ஆரம்பித்தான். "டீச்சர், நான் வேணும்னு..."

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். கோபம் இல்லை. பதினாறு நாளில் கோபமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. களைத்த முகத்தில் ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சம் இருந்தது.

"நீங்க போட்டதுக்கு எத்தனை பேர் சிரிச்சாங்க?"

அவனுக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கழிவறையில் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாப்பத்தி மூணு பேர்."

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

குத்திக்காட்டுவதற்காக அவள் அதைக் கேட்கவில்லை. நிஜமாகவே அதற்கு மேல் இருக்கும் என்று நினைத்திருந்தாள்.